ஆச்சிக்கு ஒரு நினைவு மலர்: வாசகர் கேள்விகள், பதில்கள்

சென்ற இதழில் கருப்பட்டி பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதில் சொல்லும்போது போகிற போக்கில் என் ஆச்சியைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். செபமாலை சொல்லிக்கொண்டே பதனி காய்ச்சினவள், உவரி அந்தோணியாருக்கு வட்டி கட்டினவள் என்று. கருப்பட்டியை விட்டுவிட்டு எல்லோரும் ஆச்சியைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, இந்த இதழ் ஆச்சிக்கே.

*

கேள்வி: என் பாட்டி போன ஆகஸ்டில் 88 வயதில் காலமானார். உடம்புக்கு முடிந்தவரை ஒருநாள்கூடப் பூசை தவறாதவர். வருட நினைவுத் திருப்பலி அன்று கொடுக்க ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறோம். முதல் கட்டுரை என் தலையில் விழுந்துவிட்டது. ‘பக்தியிலும் பாசத்திலும் தியாகத்திலும் சிறந்து விளங்கியவர்’ என்று ஒரு வரி எழுதினேன். அதற்குமேல் ஓடவில்லை. எப்படி எழுதுவது?
(ஒரு வாசகி, ஆலங்குளம்)

பதில்: முதலில் அந்த வரியை அடித்துவிடுங்கள். அதில் உங்கள் பாட்டி இல்லை. பாட்டியின் பெயரை எடுத்துவிட்டு என் ஆச்சியின் பெயரைப் போட்டாலும் அது பொருந்தும், தெருக்கோடி வீட்டுக் கிழவியின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். நினைவு மலர் அடிக்கிற அச்சகங்களில் இந்த வரியைத் தயாராகவே வைத்திருப்பார்கள். நீங்கள் எழுதித் தரவே வேண்டாம்.

கை என்ன செய்தது, வாய் என்ன சொன்னது, யாரோடு சண்டை, எதற்குப் பிடிவாதம், இதையெல்லாம் எழுதுங்கள். என் ஆச்சியை வைத்தே சொல்கிறேன்.

என் அம்மாவைப் பெற்றவள். ஊர் திசையன்விளைக்குப் பக்கம், செம்மணல் தேரியும் பனையுமான பூமி. தாத்தாவுக்குப் பனைத் தொழில். பங்குனி வாக்கில் பாளை விட்டுப் பதனி இறங்க ஆரம்பித்தால் ஆடி வரை அந்த வீட்டில் யாருக்கும் ஓய்வு கிடையாது. எங்களுக்குப் பள்ளிக்கூடம் லீவு விடுவதும் அப்போதுதான். பாளையங்கோட்டையிலிருந்து ஊருக்குப் போனால் ஆச்சியைப் பார்க்க வீட்டுக்குப் போய்ப் பிரயோசனம் இல்லை, விடிலிக்குத்தான் போக வேண்டும். விடிலி என்றால் பனங்காட்டுக்குள் பதனி காய்ச்சுவதற்கென்றே ஓலையில் போடுகிற குடிசை. உள்ளே அடுப்பு, பெரிய தாச்சி, புகை. புகைக்குள் ஆச்சி.

தாத்தா விடியற்காலம் மரம் ஏறி இறக்கிய பதனியை வடிகட்டித் தாச்சியில் ஊற்றித் தீ வைப்பாள். வலது கையில் துடுப்பு, இடது கையில் செபமாலை. ‘அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே’ என்று வாய் ஓடிக்கொண்டிருக்கும். கண் தாச்சியை விட்டு நகராது. பதனி கொதித்து நுரை கட்டி, பொங்கி, விளிம்பைத் தொடப்போகிற நேரம் பார்த்து, தட்டி வைத்த ஆமணக்கு முத்தில் ஒரு கிள்ளு எடுத்துப் போடுவாள். அவ்வளவுதான், நுரை உட்கார்ந்துவிடும். ‘பாவிகளாயிருக்கிற எங்களுக்காக’ என்னும்போது கை போகும், ‘இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்’ என்று முடிப்பதற்குள் மணிக்குத் திரும்பியிருக்கும். மந்திரம் நடுவில் அறுந்து நான் கேட்டதில்லை.

விடிலியில் கடிகாரம் கிடையாது. “எப்ப ஆச்சி கூப்பனி தருவ?” என்று, பாகாகும் முன் பாதி காய்ந்த பதனிக்காக நச்சரித்தால், “இன்னும் ஒரு அம்பத்து மூணு மணி கெடக்கு, போயி சில்லாட்டை பொறக்கிட்டு வாங்க” என்று அடுப்பெரிக்கப் பன்னாடை பொறுக்க விரட்டிவிடுவாள். ஐம்பத்து மூன்று மணிச் செபம் ஒரு சுற்று என்றால் எவ்வளவு நேரம் என்று எங்கள் வீட்டில் கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் தெரியும். பாகு பதம் வந்து சிரட்டையில் ஊற்றுகிற நேரத்தில் மட்டும் செபமாலை இடுப்புக்குப் போய்விடும். கேட்டால், “மாதா பொறுத்துக்கிடுவா, பாகு பொறுக்காது” என்பாள்.

இவ்வளவும் எழுதிய பிறகு ‘பக்தி’ என்ற வார்த்தையை எங்கே வைக்கப் போகிறீர்கள்? தேவையே இருக்காது.

உங்கள் பக்கம் பீடி சுற்றும் ஊர்கள் அதிகம். உங்கள் பாட்டி பீடி சுற்றியிருந்தால், தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரிகால ஜெபத்துக்கு மணியடித்ததும் என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். இலையைக் கீழே வைத்தாரா, இல்லை சுற்றிக்கொண்டே சொன்னாரா? அந்த ஒரு விஷயம் ஒரு பக்கத்துக்குச் சமம்.

இன்னொரு உபயோகமான வேலை: பங்குச் சாமியாரிடம் கேட்டு ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். பிறந்த நாள், ஞானஸ்நான நாள், ஞானத்தாய் தகப்பன் பெயர் எல்லாம் இருக்கும். உறுதிப்பூசுதல், கல்யாணம் நடந்த விவரத்தையும் அதே பெயருக்கு எதிரே ஓரத்தில் குறித்து வைப்பது சபை வழக்கம். ஆச்சிக்குத் தன் வயது தெரியாது. “ரோச் ஆண்டகை கையால உறுதிப்பூசுதல் வாங்கினவ நான்” என்பதைத்தான் வயதாகச் சொல்லுவாள். தூத்துக்குடி மறைமாவட்டம் 1923இல் உண்டானபோது முதல் ஆயராக வந்தவர் ரோச் ஆண்டகை. பதிவேட்டைப் பார்த்துத்தான் அவள் பிறந்தது 1922 என்று எங்களுக்குத் தெரிந்தது. ஆயரைவிட ஆச்சி ஒரு வருஷம் சீனியர் என்று மாமா கேலி பண்ணுவார்.

*

கேள்வி: அந்தோணியாருக்கு வட்டி கட்டினார் என்று எழுதியது விளையாட்டுக்கா, நிஜமா?
(ஒரு வாசகர், வள்ளியூர்)

பதில்: நிஜம். ரூபாய்க்கணக்கில் நிஜம்.

ஆச்சியிடம் மூடி போட்ட ஓலைப் பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் மூன்று துணி முடிச்சு. தாத்தாவின் பழைய வேட்டியில் கிழித்தது உவரி அந்தோணியாருக்கு. நீலத் துணி தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு. சிவப்புக் கரை போட்டது புளியம்பட்டி அந்தோணியாருக்கு. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் நிறக் கணக்கு. உவரியிலும் அந்தோணியார், புளியம்பட்டியிலும் அந்தோணியார், ஒரே ஆளுக்கு எதற்கு இரண்டு முடிச்சு என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். “நீ பள்ளிக்கூடத்துல ஒருத்தி, வீட்டுல ஒருத்தி இல்லியா?” என்று கேட்டாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கருப்பட்டி விற்ற காசில் முதல் பங்கு இந்த முடிச்சுகளுக்குப் போகும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்து, பனையும் இல்லாமல் கூலியும் இல்லாமல் வீடு திண்டாடும்போது பெட்டியைத் திறப்பாள். எடுப்பது எப்போதும் உவரி முடிச்சிலிருந்துதான். அடுத்த பதனிக் காலத்தில் பத்து ரூபாய் எடுத்த இடத்தில் பதினொன்று வைப்பாள்.

“மாதாகிட்ட எடுத்தா வட்டி இல்லாமப் போகும்லா?” என்று மாமா கேட்டதற்கு அவள் சொன்னது எங்கள் குடும்பத்தில் இன்றும் ஓடுகிறது: “மாதா பெத்தவ. அவகிட்ட வாங்கினா திருப்பிக் குடுக்கத் தோணாது. அந்தோணியாரு கறாரான ஆளு. அவருகிட்ட வாங்கினாத்தான் நமக்கு ஒழுங்கு இருக்கும்.”

ஊரில் வட்டிக்காரனிடம் பனையை அடமானம் வைத்துப் பாழாய்ப் போன குடும்பங்களை அவள் பார்த்தவள். கடன் என்றால் கோடி அற்புதரான அந்தோணியாரோடு மட்டும் என்று வைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். அவளிடம் கேட்டிருந்தால், “பெரிய கண்டுபிடிப்பு” என்று சொல்லியிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை உவரிக்குப் போவாள். பஸ் வந்த பிறகும் பாதி நாள் நடைதான். போர்த்துக்கீசியக் கப்பலில் வாந்திபேதி வந்து ஆட்கள் சாகக் கிடந்தபோது, ஒரு தச்சன் செதுக்கிய அந்தோணியார் சுரூபத்தால் பிழைத்தார்கள், கரைக்கு வந்து அதை இங்கே வைத்துவிட்டுப் போனார்கள் என்று ஒரு பாரம்பரியக் கதை உவரியில் உண்டு. ஆச்சி அதைச் சொல்லும்போது அந்தக் கப்பலில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததே அவள்தான் என்று தோன்றும்.

ஒருதரம் உவரிக்கு நேர்ந்து விட்ட கிடா காணாமல் போய்விட்டது. ஆச்சி கோயிலுக்குள் போய், சுரூபத்துக்கு நேராக நின்று, பக்கத்து ஆட்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: “கெடாவைக் காணும். உம்ம பேருக்கு விட்ட கெடா. தொலைஞ்சது என் சாமான் இல்ல, உம்ம சாமான். தேடுறதும் தேடாததும் உம்ம பாடு.” சொல்லிவிட்டு மெழுகுவத்திகூட ஏற்றாமல் வந்துவிட்டாள். கிடா கிடைத்தது. பக்கத்து ஊர்ப் பட்டியில், காதில் வேறொருவர் அடையாளத்தோடு. அந்தச் சண்டையை எழுத இந்த இதழ் போதாது.

*

கேள்வி: உங்கள் ஆச்சி காலத்தில் பூசை லத்தீனில் அல்லவா நடந்திருக்கும்? ஒன்றும் புரியாமல் எப்படி அத்தனை பக்தி?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: ஒரு வார்த்தை புரியாது, ஐயா. ஒரு வார்த்தை தப்பவும் தப்பாது. சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு பீடத்தைப் பார்த்து நிற்பார். அவர் ‘தோமினுஸ் வோபிஸ்கும்’ என்றதும் ‘எத் கும் ஸ்பிரித்து துவோ’ என்று பதில் வரும். மற்ற நேரத்தில் அவர் பூசை அவருக்கு, இவர்கள் செபமாலை இவர்களுக்கு.

1962 முதல் 1965 வரை ரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. அதன் பிறகு நம் கோயில்களில் தமிழ் வந்தது, சாமியார் ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார். ஆச்சிக்கு நாற்பதைத் தாண்டிய வயது. “நம்மளப் பாத்து நின்னா யாருக்குப் பூசை வைக்காரு?” என்று கொஞ்ச நாள் முணுமுணுத்தாளாம். வாசகம் தமிழில் கேட்க ஆரம்பித்ததும் முணுமுணுப்பு நின்றுவிட்டது. ஆனால் வீட்டில் சொல்லுகிற செபத்தில் புதுத் தமிழை உள்ளேயே விடவில்லை. தூய ஆவி அவளுக்குக் கடைசிவரை ‘இஸ்பிரீத்து சாந்து’தான்.

சலுகை எதையும் அவள் ஏற்றுக்கொண்டதில்லை. முன்பு நன்மை, அதாவது நற்கருணை, வாங்க வேண்டுமானால் நடுராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. 1953இல் தண்ணீர் குடிக்கலாம் என்றார்கள், 1957இல் மூன்று மணி நேரம் போதும் என்றார்கள், 1964இல் அது ஒரு மணி நேரமானது. ஆச்சியின் விரதம் நடுராத்திரியிலேயே நின்றது. “போப்பாண்டவருக்கு வயசாயிட்டு, அவரு கொறைச்சுக்கிடட்டும்” என்பாள். ஒருசந்தி என்கிற ஒருவேளைச் சாப்பாடு, சுத்தபோசனம் என்கிற இறைச்சி ஒறுத்தல் எல்லாம் இதே கதைதான். பெரிய வெள்ளிக்கிழமை மீன்காரம்மா தெருவுக்குள் வந்தால், கஞ்சிப் பானையைக் காட்டி அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவாள்.

செபமாலையில் கிழமைக்கு ஒன்றாகத் தியானிக்கிற தேவ இரகசியங்களோடு 2002இல் போப் இரண்டாம் ஜான் பால் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்தார், வியாழக்கிழமைக்கு. வியாழன் என்றால் சந்தோஷ தேவ இரகசியம் என்று எண்பது வருஷம் பழகிய வாய். வளைகுடாவில் வேலை பார்த்த சின்ன மாமா வாங்கிவந்த ரேடியோவில் மணிலாவிலிருந்து வரும் வெரித்தாஸ் கத்தோலிக்க வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்பாள், அதில் விவரம் சொன்னார்கள். இரண்டு நாள் யோசித்தாள். வியாழக்கிழமை இரண்டையும் சொல்ல ஆரம்பித்தாள். எங்களுக்குச் சாப்பாடு இன்னும் தள்ளிப்போனது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஒன்று இருக்கிறது. 2008இல் அவள் கடைசியாகப் படுத்திருந்தபோது பேரப்பிள்ளைகளை அடையாளம் தெரியவில்லை. என்னை அவள் தங்கச்சி பெயரில் கூப்பிட்டாள். அவஸ்தை பூசுவதற்கு, அதாவது சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசிச் செபிப்பதற்கு, புதுச் சாமியார் வந்தார், இளவயசுக்காரர். “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்று தமிழில்தான் சொன்னார். கட்டிலிலிருந்து ‘எத் கும் ஸ்பிரித்து துவோ’ என்று தெளிவாகப் பதில் வந்தது. “பாட்டி என்னமோ கேக்காங்க, தண்ணி குடுங்க” என்றார் சாமியார். அம்மா அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

*

கேள்வி: நான் இந்து. எங்கள் தெருவில் ஒரு கத்தோலிக்கப் பாட்டி இருந்தார். திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை கொடுத்தால் வாங்கிக்கொள்வார். சாப்பிட்டாரா என்று கடைசிவரை தெரியவில்லை. உங்கள் ஆச்சி எப்படி?
(ஒரு வாசகி, தென்காசி)

பதில்: சாப்பிடுவாள், ஆனால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. சாமிக்குப் படைத்ததை வாங்க மாட்டாள். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு அது தெரியும். அவர்கள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பச்சரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காயும் பிசைந்து ஓலைக்குள் வைத்துக் கட்டும்போதே தனியாக ஒரு ஈடு எங்களுக்கென்று வேகவைத்துவிடுவார்கள். “இது உனக்கு அவிச்சது, படைக்கல” என்று வாசலிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் போகும். அவர்கள் வெள்ளிக்கிழமை முட்டை சேர்க்க மாட்டார்கள் என்று அச்சு முறுக்கு மாவில் அவர்களுக்கு மட்டும் முட்டை விடமாட்டாள் ஆச்சி. இரண்டு பேரும் அவரவர் சட்டத்தை விட்டுக்கொடுக்காமலே நாற்பது ஐம்பது வருஷம் பலகாரம் மாற்றிக்கொண்டார்கள்.

ஆச்சிக்குச் சிரமமாக இருந்தது இந்துக்கள் இல்லை, மாதாவிடம் வேண்டாத புராட்டஸ்டண்ட் சபையான சி.எஸ்.ஐ.காரர்கள்தான்! எங்கள் சித்தி சி.எஸ்.ஐ. பையனைக் கட்டுவேன் என்று நின்றாள். “மாதா இல்லாத வீட்டுக்கா போற?” என்று ஆச்சி அழுத அழுகை ஊருக்கே தெரியும். கடைசியில் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள், வீட்டில் மாதா படம் மாட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. சித்தப்பா ஒத்துக்கொண்டார், மாட்டவும் செய்தார், அடுப்படிக் கதவுக்குப் பின்னால். ஆச்சி முதல்முறை அங்கே போனபோது ஒன்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு, அதற்குக் கீழே பாய் விரித்து, ஐம்பத்து மூன்று மணியையும் மாதா பிரார்த்தனையையும் ‘தாவீது இராஜாவின் உப்பரிகையே, தந்த மயமாயிருக்கிற உப்பரிகையே’ என்று முழுத் தொண்டையில் சொன்னாள். அடுத்த தரம் போனபோது படம் முன் வீட்டுக்கு வந்திருந்தது.

*

கேள்வி: வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சாதி இல்லை என்பார்கள். உங்கள் ஆச்சி சாதி பார்த்தாரா?
(ஒரு வாசகர், பணகுடி)

பதில்: பார்த்தாள்.

உங்களுக்குப் பக்கத்து ஊர் வடக்கன்குளம். அங்கே திருக்குடும்பக் கோயிலை 19ஆம் நூற்றாண்டில் கட்டியபோது, ஒரே பீடத்திலிருந்து இரண்டு கையாகப் பிரித்து, சாதிக்கு ஒரு பக்கமாகக் கட்டினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுப்பை எடுத்ததும் வழக்காகி, சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பிரிவினை கேட்டவர்கள் தோற்றார்கள். கோயிலில் எடுத்ததை வீட்டில் எடுக்க இன்னும் எத்தனையோ வருஷம் ஆனது. எங்கள் வீட்டு இறவானத்தில் ஒரு அலுமினியத் தம்ளர் செருகியிருக்கும், விறகு கொண்டுவருகிற அக்காவுக்கென்று. அந்தத் தம்ளரை அங்கே செருகியதும் செபமாலை பிடித்த அதே கைதான். இதை எந்த நினைவு மலரிலும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன்.

பெரிய மாமா கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் அந்தத் தம்ளரை எடுத்து அவர் காபியை அதில் ஊற்றிக் குடித்தார். ஆச்சி அவரோடு பல நாள் பேசவில்லை. அப்புறம் தம்ளர் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டது. அக்காவுக்கு உள்ளேயிருந்து எவர்சில்வர் தம்ளர் வர ஆரம்பித்தது. மனசு மாறித்தான் கொடுத்தாளா, மகனுக்குப் பயந்து கொடுத்தாளா என்று என்னால் சொல்ல முடியாது.

1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் மேல் அவளுக்குப் பெரிய பிரியம். காற்றாடிமலைக்கு எங்களைக் கூட்டிப்போயிருக்கிறாள். சாகிறவரை அவரைப் ‘பிள்ளை’ சேர்த்துத்தான் சொன்னாள். 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது அந்தச் சாதிப் பெயரைத் திருச்சபை எடுத்துவிட்டது. ஆச்சி இருந்திருந்தால் அதற்கும் ஒரு சண்டை போட்டிருப்பாள். பெரிய மாமா பதில் சொல்லியிருப்பார்.

*

கேள்வி: நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குச் சுத்தம் பண்ணி, வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி கொளுத்திவிட்டு வருகிறோம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இறந்தவர்களுக்குச் செய்வது இவ்வளவுதானா?
(ஒரு வாசகர், ராதாபுரம்)

பதில்: ஆச்சிக்கு அது தினமும் ராத்திரி வேலை.

செபமாலை, பிரார்த்தனை எல்லாம் முடிந்த பிறகு ‘உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக’ என்று, மோட்சத்துக்குப் போகும் முன் பாவம் கழிய வேதனைப்படுகிறவர்களுக்காக ஆரம்பிப்பாள். ஆளுக்கு ஒரு அருள் நிறைந்த மந்திரம். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, இன்ன ஊர், இன்னார் மகன் என்று விலாசத்தோடு சொல்லுவாள். இல்லாவிட்டால் மந்திரம் வேறு யாருக்காவது போய்விடுமாம். முதலில் அவளைப் பெற்றவர்கள், அப்புறம் மாமனார் மாமியார், பிறந்து மூன்றாம் நாளே போன அவளுடைய மூத்த பிள்ளை. இதுவரை எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

அதற்குப் பிறகுதான் பட்டியல் தெருவில் இறங்கும். பனையிலிருந்து விழுந்து செத்த தாத்தாவின் கூட்டாளி. அவர் இந்து, பட்டியலில் அதைப்பற்றிப் பேச்சே இல்லை. வாந்திபேதி வந்த வருஷம் போன ஒரு வீட்டுப் பிள்ளைகள், வரிசையாக. பக்கத்து வீட்டு ஆச்சியின் புருஷன். உவரித் திருவிழாவில் கடலில் இறங்கிப் போய்விட்ட யாரோ ஒரு பையன். பெயர் தெரியாது, ‘நீலச் சட்டைக்காரப் பையன்’ என்று சொல்லுவாள். கருப்பட்டி யாவாரி ஒருவர், எடையில் அவளை வருஷக்கணக்காக ஏமாற்றியவர். அவர் செத்த அன்று ராத்திரியே பட்டியலில் ஏறிவிட்டார். “அவனுக்கு எதுக்கு ஆச்சி?” என்று கேட்டோம். “அவனுக்குத்தாம்ட்டி ரொம்ப வேணும்” என்றாள்.

வருஷம் போகப் போகப் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. தாத்தா பசி தாங்காதவர். “செத்தவன் எல்லாம் சாப்பிட்டுட்டானா? இருக்கவனுக்குச் சோறு போடு” என்று திண்ணையிலிருந்து சத்தம் போடுவார். பிறகு ஒருநாள் தாத்தாவும் பட்டியலுக்குள் போனார், மாமனார் மாமியாருக்கு அடுத்த இடத்தில். அவருக்கு மட்டும் இரண்டு மந்திரம்.

நாங்கள் பாதியில் தூங்கி விழுவோம். முழுப் பட்டியலையும் கண் விழித்துக் கேட்ட பேரப்பிள்ளை யாரும் இல்லை. அவள் போன பிறகு அம்மாவும் சித்தியும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார்கள். ஐம்பது பெயருக்கு மேல் வந்தது. இன்னும் உண்டு என்று இரண்டு பேருக்கும் நிச்சயமாகத் தெரியும், யார் என்றுதான் தெரியவில்லை. ‘எண்ணெய்க்காரர் வீட்டு மூத்தவ’ என்று ஒருத்தி நினைவு இருக்கிறது. அவள் பெயரைக் கேட்க ஊரில் இப்போது ஆள் இல்லை.

ஆகவே ராதாபுரத்துக்காரரே, அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போங்கள். வீட்டில் உள்ள மூத்தவரையும் கூட்டிப் போங்கள். பெயர் பொறிக்காத குழி எத்தனையோ இருக்கும், யார் யாருடையது என்று அவருக்குத் தெரியும். நின்று கேட்டு எழுதுங்கள். ஆலங்குளத்து வாசகி தன் நினைவு மலரில் கடைசிப் பக்கம் காலியாக இருந்தால் இந்த மாதிரிப் பட்டியல் ஒன்றைப் போடலாம், பாட்டி யார் யாருக்காகச் செபித்தார் என்று. வண்ணப் படத்தைவிட அது நன்றாக இருக்கும்.

*

கேள்வி: ஆச்சியின் செபமாலை இப்போது யாரிடம் இருக்கிறது?
(ஒரு வாசகி, நாங்குநேரி)

பதில்: ஆச்சியிடம்தான். எங்கள் பக்கம் கையில் சுற்றித்தான் அடக்கம் செய்வோம். ஒரு மணி தொலைந்து அந்த இடத்தில் மஞ்சாடி விதை கோத்திருந்த செபமாலை. வேளாங்கண்ணியிலிருந்து நான் வாங்கி வந்த புது மாலையை மாற்றிவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். அம்மா முறைத்த முறைப்பில் பேச்சு நின்றுவிட்டது.

*

கேள்வி: நீங்கள் தினமும் செபமாலை சொல்லுவீர்களா?
(பெயர் எழுதாதவர், தூத்துக்குடி)

பதில்: இதற்குப் பதில் சொல்ல வேண்டியது பங்குச் சாமியாரிடம், உங்களிடம் இல்லை.

*

கேள்வி: திசையன்விளைப் பக்கத்து முந்திரிக்கொத்து செய்முறை வேண்டும். ஆச்சி எப்படிச் செய்வார்?
(ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: பெயரில்தான் முந்திரி, உள்ளே பாசிப்பயறு. பயறைச் சிவக்க வறுத்துத் திரித்துக்கொள்ள வேண்டும். ரொம்ப நைசாகத் திரித்தால் வாயில் ஒட்டும், கொஞ்சம் குருணையாக இருக்கட்டும். தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்துச் சேர்த்து, எள், ஏலம், சுக்குப் பொடி போடுங்கள். கருப்பட்டியைப் பாகு காய்ச்சி வடிகட்டிச் சூடாக ஊற்றிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டிலேயே உருண்டை பிடித்துவிட வேண்டும், ஆறினால் பிடிபடாது. பச்சரிசி மாவைச் சிட்டிகை உப்பும் மஞ்சளும் போட்டுக் கரைத்து, உருண்டைகளை மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் விட்டால் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். மாவு தண்ணியாகப் போய்விட்டால் உருண்டை எண்ணெயில் பிரிந்து சட்டி முழுக்கக் கரிந்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆச்சி டிசம்பர் 20 வாக்கில் செய்து டின்னில் போட்டு வைப்பாள். ஜனவரி 6 ராஜாக்கள் திருநாள் வரை கெடாது என்பாள். எங்கள் வீட்டில் அதுவரை மிஞ்சியதில்லை.